ஆட்சேபணை மாமாவும் ஓர் இரும்புக் கேட்டும்

மந்தைவெளியில் எங்கள் தெருவுக்கு ஒரு கெட்டதும் வராமல் இருப்பதற்கும், ஒரு நல்லதும் நடக்காமல் இருப்பதற்கும் ஒரே மனிதர்தான் காரணம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில், அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியும். தெரிந்து பயனில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கூரியர்காரர் மூன்று தெரு சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். ‘ஆட்சேபணை மாமா வீடு’ என்றால் நாய் கூட வழி காட்டும்.

ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். “வர ஃபைலையெல்லாம் திருப்பி அனுப்பறது” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தலைவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். தலைவர் ஒரு பல் டாக்டர்; வாயைத் திறக்க வைத்தே பழக்கப்பட்டவர், மாமா ஒருவரைத்தான் மூட வைக்க முடியாமல் தவித்தார். நான் எழுந்து தீர்மானத்தின் முதல் வரியைப் படிப்பேன். கடைசி நாற்காலியிலிருந்து குரல் வரும்.

“ஆட்சேபணை இருக்கு.”

“மாமா, இன்னும் படிச்சே முடிக்கலை.”

“முடிச்சப்பறம் எல்லாரும் கை தட்டிடுவா. அதான் முன்னாடியே சொல்லிடறேன்.”

தெருப் பெயர்ப் பலகை துருப்பிடித்து விழுந்தபோது, இரண்டாவது குறுக்குத் தெரு என்று புதிதாக எழுதி வாங்கி வந்து மாட்டினோம். மாமா அதன் கீழே நின்று ஒரு மணி நேரம் ஆட்சேபித்தார். முதல் குறுக்குத் தெருவை எப்போதோ ஒரு கல்யாண மண்டபம் விழுங்கிவிட்டதாம். முதலாவது இல்லாத ஊரில் இரண்டாவது எப்படி வரும் என்பது அவர் கேள்வி. பலகையைக் கழற்றினோம். அது இன்றும் டாக்டரின் அடுக்ககத்தில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இன்றும் வழி கேட்டு எனக்குத்தான் போன் செய்கிறார்கள்.

வேகத்தடை வேண்டும் என்று கேட்டவரே அவர்தான். மாநகராட்சிக்கு நடையாய் நடந்து அனுமதி வாங்கி வந்தோம். போட்டு முடித்த அன்றே ஆட்சேபணை: வண்டிகள் அவர் வாசலில் வேகம் குறைத்து, அவர் வாசலில் ஹாரன் அடித்து, அவர் வாசலில் மறுபடி வேகம் எடுக்கின்றன. சரி என்று ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தோம். யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று மறு வாரம் எழுந்து நின்றார்.

கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. படித்தேன். “ஆட்சேபணை இருக்கு” என்றார்.

“மாமா, இது நீங்க கொண்டுவந்த தீர்மானம்.”

“இருக்கட்டுமே. நான் சொன்ன அழுத்தம் நீ படிச்சதுல இல்லை.”

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இனிமேல் செயலாளராக இருக்க மாட்டேன் என்றேன். “போன வாரமும் இதையேதான் சொன்னேள்” என்றாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம் எங்களுக்கு ஒரே ஒரு விஷயத்தில் நம்பிக்கை இருந்தது. மீன். பட்டினப்பாக்கத்திலிருந்து தினமும் காலையில் கஸ்தூரி என்கிற அம்மாள் தலையில் அலுமினியக் கூடையுடன் எங்கள் தெரு வழியாக வருவார். மாமா வாசலில் காபியுடன் உட்கார்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து அவர் குரல் கேட்கும். மாமா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போவார். நாற்றம் தாங்கவில்லை என்று அவர் சங்கத்துக்குச் சொல்லாத மாதம் கிடையாது.

மெட்ரோ வேலைக்காக மெயின் ரோட்டை மறித்ததிலிருந்து, ஊரிலுள்ள பைக்கெல்லாம் எங்கள் தெருவுக்குள் பாய ஆரம்பித்தன. எதிர் வீட்டுப் பாட்டியம்மாவை ஒருவன் இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். அதனால் தெருவின் கடற்கரைப் பக்க முனையில் இரும்புக் கேட் போட்டு, குடியிருப்பவர்களை மட்டும் விடுவது என்று டாக்டர் யோசனை சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். “மீன்காரம்மாவும் வர முடியாது, மாமாவுக்கும் நிம்மதி” என்று யாரோ சொல்ல, முதல்முறையாக நாங்கள் அனைவரும் கடைசி நாற்காலியை ஆசையோடு திரும்பிப் பார்த்தோம்.

“ஆட்சேபணை இருக்கு.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். “என்ன ஆட்சேபணை?”

“தெரு யாரோடது?”

“நம்ம தெருதானே மாமா.”

“நம்ம ஆத்து வாசப்படி வரைக்கும்தான் நம்மளது. அதுக்கப்பறம் ஊரோடது. ஊரோடதுக்கு நாம எப்படிப் பூட்டு போடறது?”

எனக்குப் பொறுக்கவில்லை. “மீன் நாத்தம் தாங்கலைன்னு நீங்கதானே மாமா வருஷக்கணக்காச் சொல்றேள்?”

“சொன்னேன். இப்பவும் அடிக்கறது. நாளைக்கும் சொல்வேன். அவ வரப்படாதுன்னு எப்பவாவது சொன்னேனா?”

டாக்டர் வாக்கெடுப்புக்கு விட்டார். பிறகு வழக்கம்போல அவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினோம். தீர்மானம் நிறைவேறியது.

கேட்டைப் பொருத்த வெல்டர் வந்த காலையில் மாமாவும் வந்தார். கையில் பிளாஸ்டிக் நாற்காலி. கம்பம் நடுவதற்காகத் தெருவின் இரு ஓரமும் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். ஒரு வட்டத்தின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

“ஐயா, கம்பம் இங்கதான் வருது. கொஞ்சம் நவுந்துக்கோங்க” என்றார் வெல்டர்.

“எனக்கு வெயில் இங்கதான் வரது.”

வெல்டர் எதிர்ப் பக்கம் போய்க் கடப்பாரையை ஓங்கினார். மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனார். வெல்டர் திரும்பி வந்தார், மாமாவும் வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதருக்கு மூட்டு வலி என்பதெல்லாம் பொய்யோ என்று நான் நினைத்த நேரத்தில் கஸ்தூரி அம்மாள் வந்து சேர்ந்தார். ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த கேட்டைப் பார்த்தார். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்த மாமாவைப் பார்த்தார். நடந்தது என்ன என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

“இன்னா பெர்சு, ரோட்ட மறிச்சு கேட்டும் போட்டுட்டு, காவலுக்கு நீயே குந்திகினு கீறியா? கூடையத் தூக்கிக்கினு நான் மெயின் ரோட்டாண்ட சுத்திப் போயி பஸ்ல அடிபட்டுச் சாவணுமா?”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ‘அம்மா, நான் உன் பக்கம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். மாமா துண்டை மூக்குக்குக் கொண்டுபோனார்.

“முதல்ல கூடையை அந்தாண்ட கொண்டுபோய் வை. நாத்தம் தாங்கலை.”

“அந்தாண்டதானே? வெக்கிறேன். எவன் எடுக்கிறான்னு பாக்கிறேன்” என்று அவர் நேராக எதிர்ப் பக்கம் போய், மிச்சமிருந்த வட்டத்தின் மேல் கூடையை ‘டொம்’ என்று இறக்கி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கம்பத்தின் இடத்தில் மாமா, இன்னொன்றில் வஞ்சிரம். இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடி தெருவைக் காத்தார்கள். வெல்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன்.

கூடை ஓரிடத்தில் நின்றுவிட்டதால் கூட்டம் கூடி, அங்கேயே வியாபாரம் சூடு பிடித்தது. கடைசியில் பாத்திரத்துடன் இறங்கி வந்தவர் டாக்டரின் மனைவி. மீனை வாங்கிக்கொண்டு, கேட்டைப் பார்த்து, கணவரைப் பார்த்துக் கேட்டார்: “ஏங்க, இதைப் போட்டா நாளைக்கு இவங்க எப்படி உள்ள வருவாங்க?”

மாமாவின் ஆட்சேபணைக்கு அசையாத டாக்டர், வெல்டருக்குக் கூலி கொடுக்கப் பர்ஸை எடுத்தார். வெல்டரை அனுப்பிவிட்டோம். பைக்குகளுக்காகப் பழைய இடத்திலேயே மறுபடி வேகத்தடை போட்டோம். கேட் டாக்டரின் அடுக்ககச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. சங்குப்பூக் கொடி ஒன்று அதில் நன்றாகப் படர்ந்திருக்கிறது.

உண்மையை நான்தான் கஸ்தூரி அம்மாளிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. நேரே மாமா வாசலுக்குப் போனார். “பெர்சு, எனுக்கோசரமா குந்திகினு இருந்தே?”

“உனக்காக ஒண்ணும் இல்லை. தெருவுக்காக. நாளைலேர்ந்து கூடையை மூடிண்டு வா.”

மறுநாளிலிருந்து அவர் ஈரச் சாக்கால் கூடையை மூடிக்கொண்டு வருகிறார். மாமா வாசலுக்கு வந்ததும் மட்டும் நின்று, ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார். மாமா அதைப் பற்றியும் சங்கத்துக்குப் புகார் சொல்லியிருக்கிறார்.

இந்த வருடம் மாமா கண் ஆபரேஷனுக்காகப் பெங்களூர் போய் மகளோடு இருந்தார். கூட்டங்கள் காபி ஆறுவதற்குள் முடிந்தன. எல்லாத் தீர்மானமும் நிறைவேறியது. எனக்குச் செயலாளர் வேலை அலுத்துப்போகத் தொடங்கியிருந்தது.

போன வாரம் மனைவி சொன்னாள்: “மாமா ஞாயித்துக்கிழமை ரயில்ல வராராம். ஸ்டேஷன்லேர்ந்து ஆட்டோல வந்துக்கறேன்னு சொல்றார். ஆட்டோக்காரர் பாவம். யாராவது போய் அழைச்சுண்டு வரணுமே.”

நான் போகிறேன் என்றேன். கார் சாவியை அப்போதே எடுத்து மேசை மேல் வைத்தேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமைதான்.