என் சிறுநீரகம் நிராகரிக்கப்பட்ட விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற எடையளவு முத்திரை ஆய்வாளரும் தங்கள் அக்காவின் கணவருமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை. ஆனால் பதினோரு வருடமாக அந்த ஆவலை நான் எங்கும் காட்டியதில்லை என்பதால் பொய்யாக எழுத விரும்பவில்லை. தங்கள் ஆணிக் கடைத் தராசு கிலோவுக்கு நாற்பது கிராம் குறைவாக நிறுத்ததும், நான் அதைப் பறிமுதல் செய்து வழக்குப் பதிந்ததும், தாங்கள் நடுக்கடையில் நின்று, "இனிமே உங்க வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று சொன்னதும் இருவருக்கும் தெரிந்ததே. இது வேறு விஷயம்.

தங்கள் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வேறு சிறுநீரகம் வைத்தால்தான் ஆள் தேறுவாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகனுக்கு இந்த வயதிலேயே சர்க்கரை, மகள் நிறைமாதம், ஆகவே நானே தருகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ரத்தப் பிரிவு சேர்ந்தது. அடுத்தது இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீர். அவளுக்கொன்று எனக்கொன்று என இரண்டு பெரிய கேன் கொடுத்தார்கள். இரண்டிலும் பெயர்ச்சீட்டைக் கோணலாக ஒட்டியிருந்தார்கள். முப்பத்துநான்கு வருடம் முத்திரை குத்தியவனுக்கு அது பொறுக்குமா? சிறுநீர் பிடித்து முடித்ததும் இரண்டையும் உரித்து, ஸ்கேல் வைத்து, நேராக ஒட்டினேன். நேராகத்தான் ஒட்டினேன், கேன்தான் மாறிவிட்டது. மூன்றாம் நாள் டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு, "சார், உங்களுக்குத்தான் கிட்னி வேணும் போலிருக்கே! உங்க வீட்டம்மாவோடது பிரமாதமா இருக்கு" என்றார். தங்கள் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையை நீட்டி, "அதுக்கென்ன டாக்டர், என்னோடத எடுத்து இவருக்கு வெச்சிடுங்க" என்றாள். சீட்டு விவகாரம் வெளியே வந்த பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மறுபடி பிடித்துக் கொடுத்ததில் நான் தேறினேன். கடைசியாகப் பொருத்தப் பரிசோதனை. என் ரத்த அணுக்களையும் அவள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரையும் சின்னக் குழியில் ஒன்றாக விட்டுப் பார்ப்பார்களாம். சும்மா இருந்தால் சரி. எங்கே சும்மா இருந்தது? என் அணுக்களை அவள் ரத்தம் அடித்துத் துவைத்துப் போட்டுவிட்டது. "இது சகஜம்தான் சார். வயித்துல இருக்கிற குழந்தைக்கு அப்பாகிட்டேருந்து வந்த கூறு கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலக்கும். உடம்பு அத அந்நியம்னு குறிச்சு வெச்சுக்கும், மறுபடி பார்த்தா விடாது. ரெண்டு பிரசவம் இல்லையா?" என்றார் டாக்டரம்மா. அடப்பாவமே, முப்பது வருஷமா இவ என்னைக் குறிச்சில்ல வெச்சிருக்கா! வீட்டுக்கு வந்து கேட்டால், "நான் வாயால சொன்னதெல்லாம் என் ரத்தமும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கு" என்கிறாள். முகம் வீங்கி, கால் செருப்புக்குள் நுழையாமல் உட்கார்ந்துகொண்டு சிரிக்கிறாள். எனக்குத்தான் அழுகை வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கூடப்பிறந்தவர்களுக்குப் பொருந்த வாய்ப்பு அதிகமாம். அதனால் கேட்கிறேன். ஒரு சிறுநீரகம் ஏறக்குறைய நூற்றைம்பது கிராம். நாற்பது கிராமுக்கு வழக்குப் போட்டவன் நூற்றைம்பது கிராம் கேட்டு நிற்கிறேன். முடியாது என்று சொன்னால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வழக்குப் போட்டதற்கு இப்போதும் வருத்தமில்லை, தராசு குறைவாகத்தான் நிறுத்தது. ஆனால் கடையில் நாலு பேர் நிற்கும்போது தங்களைத் திருடன் என்றேன் பாருங்கள், அது தப்பு. மன்னிச்சிடு. வந்து ஒரு ஊசி ரத்தம் மட்டும் குடு, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம். அவ பொழைக்கணும்ப்பா.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்

பி.கு.: உறையை ஒட்டப் பசை எங்கே என்று கேட்டேன். யாருக்குக் கடிதம் என்றாள். வாங்கிப் படித்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "வாரா வாரம் நான் அவன்கிட்ட பேசிக்கிட்டுதான் இருக்கேன். உங்களோடது சேரலைன்னு சொன்ன மறுநாளே வந்து ரத்தம் குடுத்துட்டுப் போயிட்டான். அவனோடது சேருதுன்னு நேத்து டாக்டரம்மா போன் பண்ணினாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான்" என்றாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை. இருந்தாலும் தபாலில் சேர்க்கிறேன் மாப்ளே. நான் கேட்கவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு நீ ஆபரேஷன் மேசையில போய்ப் படுத்துடக் கூடாது.