புக்கைக்குள் போன போர்த்தேங்காய்

புது மருமகன் மாமனார் வீட்டில் செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: உதவி. வயிறு முட்டச் சாப்பிடலாம், மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கலாம், மச்சானின் மோட்டார் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போகலாம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் சமைக்கிற நேரம் குசினிப் பக்கம் போய், "நான் ஏதும் செய்யட்டோ மாமி?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

நான் கேட்டேன்.

கலியாணமாகி மூன்றாம் மாதமே சித்திரை வருஷப்பிறப்பு வந்துவிட்டது. மனைவி வாசுகியின் வீடு வட்டுக்கோட்டையில். நான் கொக்குவிலில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் தேங்காய் என்பது கடையிலிருந்து உரித்தே வரும் சாமான். அன்று காலை தலையில் மருத்துநீர் வைத்து முழுகி, பஞ்சாங்கம் சொன்ன நிறத்தில் சால்வையும் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். பொறுப்பான குடும்பத் தலைவன் ஒருவன் தெரிந்தான். (வாசுகியைக் கேட்டால், "கலியாணக் காட் குடுக்க வந்த ஆள் மாதிரி இருந்தவர்" என்பாள்.)

முற்றத்தில் புக்கைப் பொங்கல் பானை அடுப்பில் ஏறியிருந்தது. மாமி பிழிந்து வைத்த பாலைப் பார்த்துவிட்டு, "இது காணாது, இன்னுமொரு தேங்காய் வேணும் போலை கிடக்கு" என்றார். மாமா கோயிலுக்குப் போயிருந்தார். வாசுகி கிணற்றடியில்.

"நான் எடுத்துக்கொண்டு வாறன் மாமி."

"உங்களுக்கேன் தம்பி கரைச்சல்? அவள் வரட்டும்."

"இதென்ன பெரிய வேலையே!"

சாமான் அறையில் தேங்காய்கள் குவிந்து கிடந்தன. ஆனால் ஒன்றுகூட உரித்ததில்லை. அலவாங்கு எனும் கடப்பாரையை நிலத்தில் நட்டு, அதன் கூரில் குத்தித் தேங்காய் உரிப்பதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம். தயங்கி நின்றபோதுதான் சுவர்த் தட்டின் மேல் பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்த அதைக் கண்டேன். சின்னத் தேங்காய். ஒரு தும்பு இல்லாமல் வழித்து, எண்ணெய் பூசி, ஆணிமுனை அளவு விபூதியும் வைத்திருந்தது. எவ்வளவு ஒழுங்கான குடும்பம், விசேஷத்துக்கென்று தேங்காயைக்கூட முதல்நாளே உரித்துத் துடைத்து வைக்கிறார்களே என்று மனதுக்குள் மெச்சினேன்.

வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு போடு போட்டேன். தேங்காய் அசையவில்லை. மணிக்கட்டு அசைந்தது. ஏழாவது அடியில் கத்தியின் பிடி கழன்று கோழிக்கூட்டுப் பக்கம் போனது. பிறகு பின்வாசல் படியில் தூக்கி நான்கு தரம் அடித்தேன். படியின் மூலை உடைந்தது.

"என்ன தம்பி சத்தம்?"

"ஒண்டுமில்லை மாமி!"

இதற்குள் எனக்கு ரோசம் வந்துவிட்டது. பட்டதாரியான என்னை ஒரு தேங்காய் வெல்வதா? அலவாங்கைத் தூக்கினேன். இரண்டு கையாலும் ஓங்கி மூன்று குத்து. மூன்றாவதில் பிளந்தது. உள்ளே பார்த்தால் சிரட்டை ஓடு தடித்த மொத்தம், பருப்பு மெல்லிசு. துருவியதில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூக்கூட வரவில்லை. அதையும் வெற்றிப் பெருமிதத்தோடு மாமியிடம் கொடுத்தேன்.

சூரியனுக்குப் படைத்து, எல்லோரும் சாப்பிட இருந்தோம். மாமா அன்று அபூர்வமான சந்தோஷத்தில் இருந்தார்.

"தம்பி, பின்னேரம் என்னோடை சந்திக்கு வாங்கோ. போர்த்தேங்காய் அடி இருக்கு."

ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தன்னுடையதை ஓங்கி அதன் மேல் அடிப்பார். எது உடைகிறதோ அதன் சொந்தக்காரர் தோற்றவர். அதற்கென்றே ஓடு தடித்த தேங்காயாகத் தேடி எடுப்பார்கள். பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் குணத்தாரிடம் மாமா தொடர்ந்து மூன்று வருஷம் தோற்றிருக்கிறார் என்பதை வாசுகி முன்பே சொல்லியிருந்தாள்.

"இந்த முறை குணத்தாருக்கு இருக்கு. மூண்டு மாசமாப் பளை ஊர் முழுக்க அலைஞ்சு ஒண்டு கொண்டு வந்திருக்கிறன். சின்னன்தான். ஆனால் கருங்கல்லு. எண்ணெய் பூசி, விபூதியும் வைச்சு..."

வாயில் இருந்த புக்கை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சாமான் அறையில் யாரும் பார்க்காமல் வேறொரு தேங்காயை வேட்டித் துண்டில் சுற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். (அதற்கும் உரிக்கத் தெரிந்திருக்க வேண்டுமே!) அதற்குள் மாமி இரண்டு சிரட்டைகளோடு வந்தார். "இஞ்சாருங்கோ, இந்தச் சிரட்டையைப் பாருங்கோவன், என்ன மொத்தம்! நல்ல அகப்பை ரெண்டு செய்யலாம்."

மாமா சிரட்டையைப் பார்த்தார். பிறகு புக்கையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மாமா... நான்தான்... தெரியாமல்..."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. சிரட்டை இரண்டையும் வாங்கிப் பொருத்திப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தினை அடி?"

"கத்தியாலை ஏழு மாமா. படியிலை நாலு. பிறகு... அலவாங்காலை மூண்டு."

"பதினாலு!" என்று கண்ணை மூடிக்கொண்டார். துக்கமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பின்னேரம் சிரட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு சந்திக்குப் போனார். கூட்டத்தின் நடுவே அவற்றை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னார். "பதினாலு அடி தாங்கினது, குணத்தார்! உங்கடையை உப்பிடி அடிச்சுப் பாருங்கோ!"

குணத்தார் லேசுப்பட்டவர் அல்ல. "அப்ப மருமகன் பலசாலி எண்டு சொல்லுறியள். எங்கை, என்ரையை அடிக்கட்டும் பாப்பம்."

எங்கிருந்தோ ஒரு தேங்காயை என் கையில் திணித்தார்கள். சால்வையை இறுக்கிக் கட்டினேன். ஊரே பார்த்தது. ஓங்கி அடித்தேன். குணத்தாரின் தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் என் தேங்காய் அதன் பக்கமே போகவில்லை. நேராக என் கால் பெருவிரலில் இறங்கியது. வருஷத்தின் முதல் நாள், சைக்கிள் பாரில் குந்தவைத்து மாமனார் உழக்க வீடு வந்து சேர்ந்த ஒரே மருமகன் நானாகத்தான் இருப்பேன்.

பன்னிரண்டு வருஷமாகிவிட்டது. அந்த நகம் இன்றைக்கும் கோணல்தான். மாமி சொன்னபடியே அகப்பை செய்வித்தார். வருஷப்பிறப்பன்று எனக்கு மட்டும் அதால்தான் புக்கை போடுவார்கள். அந்த வீட்டில் எனக்கு யாரும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வதில்லை. படலையைத் திறந்ததும் மச்சான், "அத்தான், எத்தினை அடி?" என்பான். நான் வருவதற்கு முன் சாமான் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

குணத்தார் அந்த வருஷமும் வென்றார். அதை இப்போது ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. தோற்காத தேங்காய் என்று ஊர் கதைப்பது மாமாவின் தேங்காயைத்தான்.

இந்த வருஷமும் புக்கை போடும்போது என் மகள் அகப்பையைக் காட்டி, "தாத்தா, இது எத்தினை அடி தாங்கினது?" என்று கேட்டாள்.

"இருவத்தெட்டு" என்றார் மாமா, கண் இமைக்காமல். "வேணுமெண்டால் கொப்பாவைக் கேள்."

அவள் என் பக்கம் திரும்பினாள். மாமாவும் என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை" என்றேன். "அலவாங்காலை மட்டும் பதினேழு."