ஏழு இடத்தில் நின்றவள்

டைரக்டர் அந்த விமர்சனத்தை நான்காவது முறையாகப் படித்தார். நான்கு முறையும் அதில் அந்தப் பெண் இருந்தாள்.

அவர் படத்தில் பெண்ணே கிடையாது. அதுதான் பிரச்சினை.

'டைரக்டர்' என்பது குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவருக்கு வைத்த கிண்டல் பெயர். தண்ணீர் வரவில்லை என்று எழுதுபவர்களுக்குப் பதினொரு வருஷமாக 'ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதிக்கொண்டே, மேஜைக்கு அடியில் பேய்க் கதையும் எழுதி வந்தார். கடைசியில் முதுகுவலி என்று மருத்துவ விடுப்பு போட்டுவிட்டு, சொந்த வீட்டு ஹாலிலேயே இருபத்தாறு நாளில் படத்தை எடுத்து முடித்தார். கேமரா அவரே, எடிட்டிங்கும் அவரே. நடித்தவர்கள் மூன்று பேரும், வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் வந்து போன ஆபீஸ் நண்பர்கள். பேயாக வந்தவர் ஸ்டோர் கீப்பர். மைதா மாவு பூசி நடித்தார், பாவம், இரண்டு நாள் தும்மினார்.

படம் ஒரே ஒரு தியேட்டரில், காலை பதினொரு மணிக் காட்சியாக மட்டும் வந்திருந்தது. அது ஓட வேண்டும் என்று அவர் பட்ட ஆசையைப் பார்த்தால் கிண்டல் செய்தவர்களுக்கே மனசு இளகிவிடும். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டதே அது ஒன்றுதான்.

விமர்சகர் இப்படி எழுதியிருந்தார்:

'கதை இல்லை. வெளிச்சம் இல்லை. நடித்திருக்கும் மூவரும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல நிற்கிறார்கள். பேயைப் பார்த்தால் பரிதாபம்தான் வருகிறது. ஆனால் ஏழு இடங்களில், பின்னால், படுக்கையறை வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். கத்தவில்லை, பல்லைக் காட்டவில்லை. எதற்கோ காத்திருக்கிறாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இருபது வருஷத்தில் திரையில் நான் கண்ட உண்மையான பயம் அவள்தான்.'

"யாருடி இது?" என்றார் டைரக்டர்.

அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். காலை ஏழரைக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேப்பரை எட்டிப் பார்த்தாள்.

"நீங்க நல்லாப் பாத்தீங்களா?"

"லேப்டாப்ல பத்துத் தடவ ஓட்டியாச்சு. அங்க ஒரே இருட்டு. ஒரு மண்ணும் தெரியல."

"சரி" என்று அவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

அதற்குள் தியேட்டர் முதலாளி போனில் வந்துவிட்டார்.

"தம்பி, இன்னிக்கு ஷோ ஹவுஸ்ஃபுல்! எல்லாரும் அந்தப் பொண்ணைத்தான் கேக்கறாங்க. புதன்கிழமை படம் முடிஞ்சதும் மேடையேத்து. பத்திரிகைக்காரங்களும் வராங்க. அவ வந்தா அடுத்த வாரம் நாலு ஷோவும் உனக்குத்தான். வரலேன்னா வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிடுவேன், வருத்தப்படாதே."

டைரக்டர் தியேட்டருக்கு ஓடினார். பெரிய திரையில் பார்த்தார். நிஜமாகவே நின்றாள். கூட்டாளிகள் மூவரும் கேமராவைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்க, அவர்களுக்குப் பின்னால், வீட்டுப் படுக்கையறை வாசலில், பாதி முகம் இருட்டில். எண்ணிப் பார்த்தார். ஏழு இடம். ஏழாவதில் அவரே "ஐயோ!" என்று கத்திவிட்டார். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி, "சும்மா இருங்க சார், நாங்களும்தானே பயந்துக்கிட்டிருக்கோம்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இணையச் சேனலிலிருந்து ஒரு பெண் பேட்டிக்கு வந்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பதினொரு வருஷத்தில் அவரை யாரும் பேட்டி கண்டதில்லை.

"அந்தக் கேரக்டர் எப்படி சார் தோணுச்சு?"

"அதுதான் படத்தோட உயிர்" என்றார். "எட்டு மாசம் பயிற்சி குடுத்தேன். எப்படி நிக்கணும், எப்படிப் பாக்கணும், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது."

"அவங்க யாரு சார்?"

"புதன்கிழமை பாருங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். மறுநாள் இன்னும் மூன்று விமர்சனங்கள் வந்தன. 'பெண் மனத்தை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்ட இயக்குநர் சமீபத்தில் யாருமில்லை' என்று ஒருவர் எழுதினார். டைரக்டர் அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டி, அதைப் படித்துப் பார்க்கும்படி மனைவியிடமும் சொன்னார். அவள் படித்தாள். கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமலேயே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை மாலைவரை கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"உயரம் ஏறக்குறைய சரியா இருக்கு. நாளைக்கு ஒரு நாள் நீ அவளா வந்து நில்லேன்."

"நானா?"

"வேற வழி இல்லம்மா. நின்னாப் போதும். உனக்கு நடிப்பு வராதுன்னு தெரியும்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் பவுடர் டப்பாவைத் தேடப் போய்விட்டார்.

புதன்கிழமை மேடையில் தலைமுடியை விரித்து, முகத்தில் அரை டப்பா பவுடர் பூசி அவளை நிறுத்தினார். நானூறு பேர் எழுந்து கைதட்டினார்கள். எல்லோருடைய கண்ணும் அவள் மேல். டைரக்டரே அவள் பக்கம் கையை நீட்டி, அவளைப் பார்த்து, "இவங்கதான்!" என்றார். அவளுக்குக் கண் கலங்கியது. அப்புறம் சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல், முகமெல்லாம் சிரிப்பு.

முன்வரிசையில் விமர்சகர் எழுந்தார். ஒல்லியான, கறாரான மனிதர்.

"மன்னிக்கணும். இது அந்தப் பெண் இல்லை."

அவர் மேடைப் பக்கம் விரலை நீட்டினார்.

"அந்த முகத்துல ஒரு காத்திருப்பு இருந்தது. தன்னை யாரும் பாக்க மாட்டாங்கன்னு முடிவுக்கு வந்த முகம் அது. இவங்களைப் பாருங்க, எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க! டைரக்டர் சார், எங்களை ஏமாத்தப் பாக்கறீங்களா?"

அவள் சிரிப்பு நின்றது. ஆனால் அப்போது எல்லோரும் டைரக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உண்மையைக் கொட்டினார்.

"எனக்கு அவங்க யாருன்னே தெரியாதுங்க! நான் அப்படி யாரையும் நிக்க வைக்கல. இவங்க என் வீட்டுக்காரி. சும்மா நிக்கச் சொன்னேன்."

பாதிப் பேர் பேய் என்றார்கள், பாதிப் பேர் மோசடி என்றார்கள். தியேட்டர் முதலாளி அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நிஜமானவளைக் கொண்டு வா. இல்லேன்னா நாளான்னைக்கு உன் படம் இல்ல."

டைரக்டர் நேராக அச்சகத்துக்குப் போனார். படத்திலிருந்த அந்த முகத்தைப் பெரிதாக்கி, 'இவரைக் கண்டவர்கள் உடனே தெரிவிக்கவும்' என்று ஐந்நூறு போஸ்டர் அடித்தார். பஸ் நிறுத்தம், மருந்துக்கடைச் சுவர், தெரு விளக்குக் கம்பம் என்று இருட்டுவதற்குள் ஒட்டி முடித்தார். மிச்சமிருந்த ஒன்றைச் சொந்த வீட்டு வாசல் கதவிலேயே ஒட்டினார்.

ஒட்டியபின்தான் பயம் வந்தது. அவள் நின்றது இந்த வீட்டில் அல்லவா? படுக்கையறைக்குள் போகவே மாட்டேன் என்று ஹால் சோபாவிலேயே படுத்துக்கொண்டார்.

வியாழன் விடியும் முன்பே தொடங்கிய போன் ஓயவில்லை. நாற்பத்தொரு பேர் கூப்பிட்டார்கள். ஒருவர், அது தன் சித்தி என்றார், ஆனால் சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடிப்பதாகவும் சொன்னார். ஒருவர் தன் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர் என்று சத்தியம் செய்தார். ஒரு அம்மாள் மட்டும், "பாக்க என்னை மாதிரியே இருக்குங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மணி ஏழரை. டைரக்டர் திறந்த வாசற்படியில், ஒரு கை இந்தப் பக்க நிலையிலும் ஒரு தோள் அந்தப் பக்க நிலையிலுமாக, போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. படம் போச்சு என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

பார்சல் கொண்டுவருகிறவர் படியேறி வந்தார். கையிலிருந்த பெட்டியில் மனைவியின் பெயர்.

"என்கிட்டயே குடுங்க, நான் வாங்கிக்கறேன்" என்றார் டைரக்டர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

பார்சல்காரர் கொடுக்கவில்லை. கதவிலிருந்த போஸ்டரைப் பார்த்தார். டைரக்டரின் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் பார்த்தார். மறுபடியும் போஸ்டரைப் பார்த்தார்.

டைரக்டர் போனைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இவங்களை எங்கயாவது பாத்திருக்கீங்களா? சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"கொஞ்சம் நகருங்க சார், இவங்க வேலைக்குப் போக வழியில்லாம அப்பலேர்ந்து உங்க பின்னாடியேதான் நிக்கறாங்க."