ஏழு செல்லாது

என் மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. இங்கு நான் நலமில்லை. ஆபரேஷன் முடிந்த உடம்போடு மதியம் பட்டினி கிடந்த தாங்களும் நலமாயிருக்க வழியில்லை. தங்கள் போன் அத்தை கையிலும், அத்தை வார்டு வாசலிலும் இருப்பதால், இதை நர்ஸம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நோயாளி எதைச் சாப்பிடக் கூடாது என்பதை ஒரே எண்ணாகச் சமையலறைக்கு அனுப்பும் புரோகிராம் நான் எழுதியது, மாமா. உப்பு கூடாதென்றால் ஒன்று, சர்க்கரை கூடாதென்றால் இரண்டு, கடினமானது கூடாதென்றால் நான்கு. எவையெல்லாம் கூடாதோ அவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கண்ட எண்ணும் நுழையக் கூடாதே என்று ஒரு சோதனையும் வைத்தேன்: பட்டியலில் இல்லாத எண்ணைத் திருப்பி அனுப்பு. பட்டியலில் இருப்பதோ ஒன்று, இரண்டு, நான்கு மட்டும். டாக்டர் உங்களுக்கு மூன்றையும் நிறுத்தினார், கூட்டினால் ஏழு. "ஏழு செல்லாது"ன்னு திருப்பிடுச்சு மாமா! கூட்டச் சொன்னவனும் நான்தான், கூட்டினா செல்லாதுன்னவனும் நான்தான். பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் தட்டு வருது, உங்களுக்கு மட்டும் வரல. சமையல்காரர், "உங்க மாப்பிள்ளையைக் கேளுங்கம்மா"ன்னு கோத்துவிட்டுட்டார். அத்தை நேரா இறங்கி வந்து, மேனேஜர் முன்னாடியே, "பொண்ணைத்தான் குடுத்தோம், அவர் வயித்தையுமா உங்ககிட்ட ஒப்படைக்கணும்?"னு கேட்டாங்க. மேனேஜர் வேற, "ராத்திரியும் அவருக்குத் தட்டு போகலன்னா நாளைக்கு நீ வராதே"ன்னுட்டார்.

எண்ணைப் பிரிச்சுப் பார்த்து, ஒண்ணு, ரெண்டு, நாலு போக மிச்சம் இருந்தா மட்டும் திருப்பணும், அதான் முறை. பதற்றத்துல அந்தச் சோதனையையே தூக்கிட்டேன். இனி எந்த எண்ணும் தடையில்லாம போகும். ராத்திரி வர்ற தட்டை நம்பிச் சாப்பிடுங்க மாமா. உப்புச் சப்பில்லாம இருந்தா அதுதான் உங்க தட்டு.

தங்கள் பாதத்தைப் பக்கத்திலிருந்தும், அத்தையின் பாதத்தைத் தூரத்திலிருந்தும் வணங்கும்,
மாப்பிள்ளை

பி.கு.: ஐயோ மாமா! நர்ஸம்மா இப்பத்தான் சொல்றாங்க. அவசரத்துல சாப்பாட்டு எண்ணுக்குப் பதிலா உங்க கட்டில் எண்ணை அடிச்சுட்டாங்களாம், எட்டு. மூணையும் கூட்டினாலே ஏழுதான், எட்டுக்கு அர்த்தமே கிடையாது. தடுக்க வேண்டிய சோதனையைத்தான் நான் தூக்கிட்டேனே! உங்களுக்கு எந்தத் தடையும் இல்லைன்னு நினைச்சு, சமையலறை வறுத்த கோழியும் கேக்கும் அனுப்பிடுச்சாம். நீங்க கோழியை ஆரம்பிச்சுட்டு, "மாப்பிள்ளைன்னா இவர்தான்"னு அத்தைகிட்ட சொல்லிட்டு இருக்கீங்களாம். கல்யாணம் ஆன நாளா இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏங்கினேன். தட்டைக் கீழே வையுங்க மாமா, நானே வந்து அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.