லூனிஸ் நட்ட மரம்

அரெஸ்கி மண்டியிட்டு, பத்து விரல்களாலும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். கீழே மலைப்பாதை வளைவில் மனைவி தஸாதித்தின் மஞ்சள் அங்கி தெரிந்துவிட்டது. கால் மணி நேரத்தில் மேலே வந்துவிடுவாள்.

பிடுங்கிய பைன் கன்று விளக்குமாற்றுக் குச்சியாகக் காய்ந்திருந்தது.

தீயில் கருகிய இந்த மலையை ஊரே சேர்ந்து மறுபடி பச்சையாக்கக் கிளம்பியது. ஆளுக்கொரு கன்று, கன்றின் அடியில் மண்ணில் ஊன்றிய ஒரு பெயர்த்தகடு. பட்டுப்போனால் ஊர்ச்சபை தகட்டைப் பிடுங்கிவிடும். இதன் தகட்டில் இருந்தது மகன் லூனிஸின் பெயர். தன் கையால் நட்ட மறுவாரம் ஸ்பெயினுக்குப் படகேறியவன். ஒன்றரை வருடமாகச் சேதி இல்லை.

"மரம் நிக்கற வரைக்கும் அவனும் எங்கயோ நிக்கறான்" என்பாள் தஸாதித்.

அவளுக்கு முட்டிவலி வந்ததால், பதினைந்து நாளாகத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அரெஸ்கிக்கு. குடத்தோடு கிளம்புவார். பாதி வழியில் கூட்டாளிகள் டொமினோ ஆடும் மேசை இருந்தது; அங்கேயே உட்கார்ந்துவிடுவார். இந்த வருட வெயிலோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

பக்கத்து வரிசையில் சவரக்காரர் மெஸியானின் கன்று தளதளவென்று நின்றது. அரெஸ்கி யோசிக்கவில்லை. இரண்டையும் இடம் மாற்றினார்.

புதியது ஒரு சாண் உயரம் அதிகம். ஆழமாகப் புதைத்தார், சாய்ந்தது. குச்சி நட்டு, இடுப்பு வாரைக் கழற்றிக் கட்டினார். கன்று நிமிர்ந்தது, கால்சட்டை இறங்கியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே மெஸியான்.

"நேத்து சாயங்காலம் பச்சையா இருந்துச்சே" என்றார் மெஸியான், தன் தகட்டுக்கு மேலிருந்த காய்ந்த கன்றைப் பார்த்து.

ஆடு கடித்திருக்கும் என்றார் அரெஸ்கி. ஆடு கடித்தால் இலை இருக்காது, இது தாகத்தில் செத்தது என்றார் மெஸியான். ஊர்ச்சபையைக் கூட்டி ஒவ்வொரு கன்றாகச் சோதிக்கச் சொல்லப் போவதாகவும் சொன்னார். சத்தம் கேட்டுக் கன்றுகளின் காவல்காரன் அக்லி குடிசையிலிருந்து எட்டிப் பார்த்தான்.

அதற்குள் தஸாதித் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கன்றைப் பார்த்தாள். இடுப்பு வாரைப் பார்த்தாள். கணவன் கால்சட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"பதினைஞ்சு நாள்ல ஒரு சாண் வளந்துட்டான். நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்கீங்க."

அரெஸ்கி கால்சட்டையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"மெஸியான், வீட்டுல மோர் இருக்கு. குடிச்சிட்டு அப்புறம் சபையைக் கூட்டலாம், வா தம்பி" என்று அவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த நொண்டும் நடையை அரெஸ்கி வளைவு வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிழைத்தோம். அவள் நம்பிவிட்டாள். அவள் நம்பிக்கையும் பிழைத்தது.

அக்லி ஒரு தொட்டியோடு வந்தான். உள்ளே பச்சையாக ஒரு பைன் கன்று. மெஸியான் திரும்பி வருவதற்குள் அவர் குழியில் இதை வைத்துவிடலாம் என்றான்.

"இது உனக்கு ஏதுடா?"

"தஸாதித் அக்கா கொடுத்து வச்சதுதான்" என்று அக்லி குனிந்து காய்ந்த குச்சியைப் பிடுங்கினான். "லூனிஸ் நட்டது போன கோடையிலேயே போயிடுச்சுண்ணே. அப்புறம் மூணு தடவை அவங்களே மாத்திட்டாங்க, நீங்க தாங்க மாட்டீங்கன்னு."