கருவாடு மணக்காத சனிக்கிழமை

2020 ஏப்ரல் பதினொன்றாம் நாள், சனிக்கிழமை. எங்கள் தீவின் மின்னி பே கடற்கரைத் தெருவில் கடும் வெயில். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. அன்றைய வேலை ஒன்றே: என் மூக்கைச் சோதிப்பது.

முந்தைய நாள் அபர்டீன் பஜாரில் வெங்காயத்துக்கு நின்றபோது, பின்னால் நின்றவர் விடாமல் இருமினார். வாசனை தெரியாமற்போவது புதிய நோயின் அறிகுறி என்று இரவுச் செய்தியில் சொன்னார்கள். காலையில் எனக்குத் தொண்டை கரகரத்தது.

மனைவி காபியை நீட்டினாள். "மோந்து பாருங்க. வாசனை வருதா?"

"வருகிறது. ஆனால் செல்லாது. காபி என்று முன்பே தெரியும். வினாத்தாள் வெளியாகிவிட்ட தேர்வு இது."

"ரிட்டையர் ஆகியும் இந்த எக்ஸாம் ஒங்களை விடலியா?"

சொல்லாமல் வரும் வாசனை ஒன்றுதான் உண்டு. கீழ்வீட்டு ராமலட்சுமி சனிக்கிழமை நண்பகலில் வறுக்கும் கருவாடு. சைவனாகிய நான் அதை ஆண்டுக்கணக்கில் மாடியிலிருந்து கண்டித்து வந்தவன். அன்று சன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக் காத்திருந்தேன்.

நண்பகல் கடந்தது. ஒன்றும் வரவில்லை.

எட்டிப் பார்த்தேன். "ராமலட்சுமி, இன்று கருவாடு வறுத்தாயா, அம்மா?"

அவள் முகம் வெளுத்தது. "ஆமா சார். மன்னிச்சிருங்க சார்."

"நிறையவா?"

"பெரிய சட்டி நெறைய, சார்."

உள்ளறையில் புகுந்து தாழிட்டேன். கதவுக்கு அப்பால் நின்ற மனைவியிடம், "பீரோச் சாவி எங்கே என்று தெரிந்துகொள்" என்றேன்.

"அது கல்யாணம் ஆனதுலேர்ந்து என் இடுப்புலதான் இருக்கு."

உதவி எண்ணை அழைத்தேன். நுகர்திறன் நீங்கிவிட்டதெனத் திருத்தமான இந்தியில் தெரிவித்தேன். எடுத்த பெண் பயந்துபோய்த் தமிழுக்கு மாறினாள்.

"என்ன போயிடுச்சு, அங்கிள்ஜி?"

"வாசனை. கருவாட்டின் வாசனை."

"கருவாடு சாப்பிடுவீங்களா?"

"நான் சைவம்."

மறுமுனையில் பேனா கிறுக்கும் ஓசை கேட்டது. "வண்டி அனுப்புறோம், அங்கிள்ஜி."

வண்டி வந்தது. முழு உடலையும் மூடிய இருவர் இறங்கினர். தெருவே பால்கனியில் நின்றது. நான் படியிறங்கியபோது தொலைவில் நின்று ராமலட்சுமி அழுதாள்.

"கருவாட்டுக்கா சார் ஆஸ்பத்திரி போறிய? ஒங்களுக்கு வாடை ஆகாதுன்னுதான இன்னைக்கு அடுப்பைத் தூக்கிட்டுப் போயி கடலோரமா வெச்சு வறுத்தேன்!"

"இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"வறுத்தியான்னுதான சார் கேட்டிய. எங்க வெச்சு வறுத்தேன்னு கேக்கலியே."

நான் திரும்பி ஒரு படி ஏறினேன். மூடிய உருவங்களில் ஒன்று வழிமறித்தது. "கூப்பிட்டா ஏறித்தான் ஆகணும், சார்."

ஏறினேன்.

மாதிரி எடுத்தார்கள். தனியறையில் வைத்தார்கள். நோய் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தொண்டைக் கரகரப்புக்குக் காரணம் தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறி. ராமலட்சுமியின் அடுப்பு, என் வேண்டுகோளின்படி, பழைய இடத்துக்கே திரும்பியது.

சனிக்கிழமைதோறும் சன்னலைத் திறந்து வைக்கிறேன். வாடை வருகிறது. சகிக்கவில்லை. நிம்மதியாக இருக்கிறது.