க்யூசி பாய் ஒட்டிய அம்பு

ஆம்பூரைக் கட்டி முடித்த கையோடு க்யூசி பாயிடம் ஒருமுறை காட்டியிருந்தால், பாதி ஊரைத் திரும்பச் செய்யச் சொல்லி அனுப்பியிருப்பார். மீதிப் பாதியையும் மனசே இல்லாமல்தான் பாஸ் பண்ணியிருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குத் தெரியாது. ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்து ரிடையரானவர், அதனால் க்யூசி பாய். கம்பெனியில் தோலில் கீறலோ தையலில் பிசகோ தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டிச் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சரிசெய்கிறவர் தேடிக்கொண்டு நிற்காமல் நேராக அங்கே கை வைக்கலாம். பாய் ரிடையரானார், அவர் சட்டைப் பையில் இருந்த ஸ்டிக்கர் ரிடையராகவில்லை. டீக்கடை டம்ளரில் அம்பு இருந்தால் விளிம்பு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கல்யாணப் போட்டோவிலும் ஒன்று ஒட்டினார். ஃபிரேம் கோணல் என்பது அவர் கட்சி. அம்பு என் முகத்தைத்தான் காட்டுகிறது என்பது என் மனைவியின் கட்சி. இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

எங்கள் தெருவில் காலையில் கம்பெனி பஸ்கள் வந்து போய்விட்டால் ஈ, காக்காய் இருக்காது. புருஷன் ஒரு கம்பெனி, பெண்டாட்டி ஒரு கம்பெனி, பிள்ளைகள் பள்ளிக்கூடம். பட்டப்பகலில் தெருவே பூட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும். அதனால் எங்கள் பக்கத்துத் திருடர்களுக்கும் பகல் ஷிஃப்ட்தான். இரண்டு மூன்று வீட்டில் சாமான் போனதும், பகலில் வீட்டோடு கிடக்கும் என்னைப் போன்ற சிலரைக் கூப்பிட்டு, தெருக் காவல் குழு வைக்கச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர். அந்தக் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் பாய்.

"சார், ஒரு டவுட்டு. நாங்க ஒருத்தன புடிச்சி, அவன் திருடன் இல்லன்னு ஆய்ட்டா, எங்க மேல கேஸ் வருமா?"

"நல்ல எண்ணத்தோட செஞ்சா ஒண்ணும் வராது பாய்."

"எண்ணத்த யாரு சார் செக் பண்ணுவாங்க? அப்ரூவ்டு சாம்பிள் எதுனா வெச்சிருக்கீங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் தண்ணீர் கேட்டார்.

பாய் விடவில்லை. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார். வக்கீல் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க கண்ணு முன்னால பெரிய குத்தம் ஒண்ணு நடந்தா ஆளைப் புடிக்கலாம், உடனே போலீஸ்ல ஒப்படைக்கணும். வெறும் சந்தேகத்துல புடிச்சு வெச்சா நீங்கதான் மாட்டுவீங்க. அதிகாரிங்களுக்கு இருக்கிற பாதுகாப்பெல்லாம் உங்கள மாதிரி வாலண்டியருக்குக் கம்மி பாய்."

பாய் இவ்வளவு பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவரும் மனைவியும் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதாக ஏற்பாடு. அந்த அம்மா கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பயணம். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு, போலீஸ் விசாரணைக்காகக் காத்திருந்தார்கள். "கேஸுன்னு ஒண்ணு வந்தா பாஸ்போர்ட் நின்னுடும் சார். அவளுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார். பாய் குரல் தாழ்த்திப் பேசி நான் கேட்டது அப்போதுதான்.

ஆனாலும் குழுவை விட்டு விலகவில்லை. சட்டத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "புடிச்சி வெச்சாத்தானே குத்தம்? உக்கார வெச்சி டீ குடுத்தா இன்னா சொல்லுவாங்க?" அதன்பிறகு எங்கள் தெருவில் சந்தேகத்துக்கு இடமானவர்களுக்கு நடந்த உபசாரம் சம்பந்திகளுக்குக்கூட நடந்ததில்லை. ஒருநாள் ஓர் ஆள் ஒவ்வொரு கேட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். பாய் அவரை அன்பாக வீட்டுக்குள் அழைத்து டீ கொடுத்தார். போலீஸ் வரத் தாமதமானதால் சமோசா, அதற்கும் மேலே தாமதமானதால் கத்தரிக்காயோடு பிரியாணி. கடைசியில் பார்த்தால், அவர் எங்கள் தெருப் பெண் ஒருத்தியைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா. "வழியில போறவனுக்கே இவ்ளோ மரியாதையா?" என்று நெகிழ்ந்துபோய், அந்த வாரமே சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்.

இந்த வெற்றி பாயின் தலைக்கு ஏறியது. திருட்டு வருமுன் தடுக்கிறேன் என்று வீடு வீடாகப் போய்க் குறை தேட ஆரம்பித்தார். ஆடுகிற தாழ்ப்பாள், கழன்ற ஜன்னல் கம்பி, இற்றுப்போன கதவு என்று எங்கெல்லாம் குறை உண்டோ அங்கெல்லாம் வெளிப்பக்கம் ஒரு சிவப்பு அம்பு. தெருவில் ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை. நானும்தான். எல்லாம் ஷூ கம்பெனிக் குடும்பங்கள். அம்பைப் பார்த்தால் இங்கே ரிப்பேர் பண்ணு என்றுதான் எங்கள் புத்திக்குப் படும். அது இன்னொரு தொழில்காரனுக்கும் உபயோகப்படும் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அவனுக்கு உறைத்துவிட்டது. குடியாத்தத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியேறிய லுங்கி வியாபாரி ஒருவர் வீட்டில் பட்டப்பகலில் மிக்ஸி, சிலிண்டர், புது லுங்கி மூட்டை எல்லாம் போனது. பின்பக்க ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாளை நோக்கி ஓர் அம்பு ஜோராக நின்றுகொண்டிருந்தது.

"திருடன் தேடக்கூட இல்ல. அம்பப் பாத்து நேரா வந்துகிறான். வழி காட்டினவரு மேலயும் நான் எழுதிக் குடுக்கத்தான் போறேன்" என்று தெருவில் நின்று கத்தினார் வியாபாரி.

நான் வக்கீலுக்குப் போன் போட்டேன். "திருடனுக்கு உதவணும்ங்கிற எண்ணம் இல்லன்னா கேஸ் நிக்காது. ஆனா அது முடியறதுக்குள்ள பாஸ்போர்ட் நின்னுடும். ஒட்டினத யாராச்சும் பாத்தாங்களா? பாக்கலன்னா பாயை வாயத் தொறக்காம இருக்கச் சொல்லுங்க. அந்த ஸ்டிக்கர் உங்க தெருவுல யார் வீட்லதான் இல்ல?" என்றார். ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவில் வழிநெடுக இதையே பாயின் காதில் ஓதினேன். ஊமை மாதிரித் தலையாட்டிக்கொண்டே வந்தார். பக்கத்தில் அவர் மனைவி, முந்தானை நுனியை முறுக்கியபடி.

ஸ்டேஷனில் வியாபாரியும் அவர் மனைவியும் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் போட்டோ எடுத்திருந்த போனை நீட்டினார். "இத ஒட்டினது யாரு?"

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"என்னுதுதான் சார்," என்றார் பாய். "கொஞ்சம் சாஞ்சிப்போச்சி. அவசரத்துல ஒட்டிட்டேன்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"பாய், இதனால இன்னா ஆவும்னு தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா டிஃபெக்ட்டுன்னா சொல்லித்தான் ஆவணும். எம்மேல இருந்தாலும் சொல்லணும். வெளிப்பக்கம் ஒட்டினது என் தப்பு." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். பார்த்தவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது வியாபாரியின் மனைவி பேசினார். ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர், சுருக்கமாகப் பேசியே பழகியவர். "ஒட்டிட்டு சும்மா போவல சார். தாப்பா ஆடுதுன்னு வந்து சொன்னாரு. மறுநாள் ஸ்க்ரூடிரைவர் எடுத்துனு அவரே வந்தாரு. எங்க வீட்டுக்காரருதான், அப்புறம் பாத்துக்கலாம் பாய்னு திருப்பி அனுப்பிட்டாரு."

வியாபாரி சுற்றாத ஃபேனை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "திருடன் மேல மட்டும் எழுதிக்குங்க சார்," என்றார்.

பொழுது சாய்வதற்குள் தெருவில் ஓர் அம்பு இருக்கக்கூடாது என்று சப்-இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டார். தெருவே கூடி நகத்தால் சுரண்டியது. சரியாக உரியவில்லை என்று பாய் பின்னாலேயே வந்து குறை சொன்னார்.

பாஸ்போர்ட் வந்தது. அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வழியனுப்ப நாங்கள் பாய் வீட்டில் கூடியிருந்தோம். லுங்கி வியாபாரி தயங்கித் தயங்கி வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினார். உம்ராவில் ஆண்கள் உடுத்திக்கொள்ளும் தைக்காத வெள்ளைத் துணி இரண்டு.

"எங்க தறியிலேயே போட்டது பாய். நீங்க கட்டிக்கணும்."

பாய் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். பழக்க தோஷம், அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனார். ஓரத்தில் ஓர் இழை விட்டுப்போயிருந்தது. என் கண்ணுக்கே தெரிந்தது. பாயின் விரல் அங்கே நின்றது. வியாபாரி பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் துணியை மெதுவாக மடித்தார். "ஒரு குறையும் இல்ல தோஸ்த்," என்றார்.

அந்த மனிதர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். நான் வேலூருக்கு வீடு மாற்றி வந்த பிறகும், அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.